புளியாரை வளர்க்கப் போகிறவர்களிடம் சொல்ல வேண்டியவை

மாடித் தோட்டத்தில் புளியாரை வளர்க்கலாம் என்று எண்ணுகிறவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு ஓர் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்தால் எனக்கு நிறைவுதான். இந்தக் கீரைக்காக நான் நிறைய அலைந்திருக்கிறேன், பணத்தை இழந்திருக்கிறேன், ஓர் இரவு முழுவதும் மருத்துவமனை நடைபாதையில் தனியாக உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன். தக்காளி வளர்ப்பது எப்படி, கத்தரி வளர்ப்பது எப்படி என்று கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள். புளியாரை என்றால் "அது களை ஆயிற்றே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வரப்பில் தானாக முளைப்பதை யார் பாத்தி கட்டி வளர்க்கப் போகிறார்கள் என்று எண்ணியே யாரும் சொல்லித் தராமல் விட்டிருக்க வேண்டும்.

எல்லாம் அப்பாவுக்காகத் தொடங்கியது. அவர் பிறந்து வளர்ந்தது சின்னமனூர்ப் பக்கம். 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற கம்பம் பள்ளத்தாக்கு அது. இரு போகம் நெல் விளைகிற வயல்களில் வரப்பு எப்போதும் ஈரமாகவே இருக்கும், அந்த ஈரத்தில் புளியாரை தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் என்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிடுங்கி வாயில் போட்டு மென்றது, பாட்டி அதைப் பாசிப்பருப்போடு சேர்த்துக் கடைந்தது, மிஞ்சிய தழையால் பித்தளை விளக்கைத் தேய்த்துப் பளபளக்க வைத்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மா தவறிய பிறகு மதுரையில் என்னோடு வந்து தங்கினார். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். அப்பாவுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய், கூடவே மூலத் தொந்தரவு. சித்த மருத்துவத்தில் புளியாரையை மூலத்துக்கும் கழிச்சலுக்கும் சொல்வார்கள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "புளியாரைக் கடையல் இருந்தால் நான்கு வாய் இறங்கும், தாயி" என்றார். அம்மா போன பிறகு அவர் வாய் திறந்து கேட்ட முதல் உணவு அதுதான். எப்பாடுபட்டாவது அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று மனத்தில் உறுதி கொண்டேன்.

முதலில் சந்தைக்குப் போனேன். ஒரு கீரைக்காரம்மா புளிச்சகீரைக் கட்டை எடுத்து நீட்டினார். இன்னொருவர் ஆரைக்கீரையைக் கொடுத்து இதுதான் என்று அடித்துச் சொன்னார். புளிச்சகீரை ஆளுயரம் வளரக்கூடிய வேறொரு செடி. அதன் இலை விரல் விரித்தாற்போல் பிளந்திருக்கும். ஆரைக்கீரை நீர் நிற்கிற இடத்தில் வருவது, ஒரு காம்பில் நான்கு சிற்றிலைகள் இருக்கும், புளிப்பே கிடையாது, பூவும் பூக்காது. புளியாரைக்கு ஒரு காம்பில் மூன்றே சிற்றிலைகள். இந்தக் கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் சந்தையில் ஏமாற வேண்டியதில்லை. ஆனால் மதுரையில் நான் தேடிய எந்தச் சந்தையிலும் உண்மையான புளியாரை கிடைக்கவில்லை. பறித்த சில மணி நேரத்தில் துவண்டுவிடுகிற கீரையை யாரும் கட்டுக் கட்டி விற்பதில்லை என்பது வளர்த்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பிறகு கைப்பேசியில் தேடி, மூலிகைச் செடிகள் அனுப்புகிற ஓர் இடத்தில் மூன்று நாற்றுகளை வாங்கினேன். நாற்றுக்கு 450 ரூபாய், அனுப்பும் செலவு 120 ரூபாய். அதே இடத்தில் ஒரு விதைப் பொட்டலமும் 150 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது இலைகள் பெரிதாக, தளதளவென்று இருந்தன. மூன்று இதய வடிவச் சிற்றிலைகள். வாயில் போட்டால் புளித்தது. மகிழ்ச்சியாக நட்டுவிட்டேன். அப்பா மட்டும் தொட்டிக்கு அருகில் நின்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம் ஊர்ச் செடி இல்லை, தாயி. நம் செடி இவ்வளவு எழும்பாது" என்றார். சில வாரங்களில் பூ வந்தது, இளஞ்சிவப்பு நிறத்தில். மண்ணைக் கிளறினால் அடியில் கொத்துக் கொத்தாகக் கிழங்குகள். தென்னமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்து நம் நாட்டில் பரவிவிட்ட வேறோர் இனம் அது, புளியாரை சேர்ந்த ஆக்ஸாலிஸ் என்ற அதே பேரினத்தில். நீலகிரித் தோட்டங்களில் இத்தகைய கிழங்கு வகைகளைக் களையெடுக்கிறவர்கள் படும் பாடு கொஞ்சமில்லை. செடியைப் பிடுங்கினாலும் கிழங்கு மண்ணில் தங்கிவிடும். விற்றவருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். "இதுவும் புளியாரைதான், புளிக்கிறதா இல்லையா?" என்று ஒரு வரி பதில் வந்தது, அதன் பிறகு பேச்சே இல்லை. விதைப் பொட்டலத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அன்று வந்த கோபம் பணத்துக்காக மட்டும் அல்ல. அப்பா ஒவ்வொரு காலையிலும் மாடியேறி அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கி வருவார். அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

ஆகையால் அடையாளத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். உண்மையான புளியாரையின் தண்டு நூல் போல மெலிந்து, சற்றே சிவந்து, தரையில் ஊர்ந்து போகும். மண்ணைத் தொடுகிற கணுவில் எல்லாம் வேர் விடும். இலை சிறியது, விரல் நகத்தளவு. பூ மஞ்சள், ஐந்து இதழ்கள். காய் மேல்நோக்கி நிமிர்ந்து, ஐந்து பட்டைகளோடு, மிகச் சிறிய வெண்டைக்காயைப் போல இருக்கும். அடியில் கிழங்கு இருக்காது. பூங்காப் புல்வெளிகளில் சிறுபுள்ளடி என்றொரு செடி இதோடு கலந்து வளரும். அதற்கும் மூன்று சிற்றிலைகள் உண்டு, அதுவும் தரையில் படரும். ஆனால் அது பயறு வகையைச் சேர்ந்தது, பூ ஊதா கலந்த சிவப்பு, இலையில் புளிப்பு இல்லை. பூவைப் பார்க்காமல் எந்த நாற்றையும் புளியாரை என்று காசு கொடுத்து வாங்காதீர்கள். உண்மையில் இந்தச் செடியைக் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை.

அடுத்து, ஊருக்கே போய்விடலாம் என்று அப்பாவை அழைத்துக்கொண்டு சின்னமனூருக்குப் பேருந்து ஏறினோம். வாய்க்கால் இருந்தது, வரப்பு இருந்தது. வரப்பில் புல் முழுக்கப் பழுப்பாகக் கருகிக் கிடந்தது. உறவுக்காரர் ஒருவர் ஓடி வந்து தடுத்தார். "இங்கே எதையும் பறிக்காதீர்கள் மாமா, இரண்டு நாள் முன்புதான் களைக்கொல்லி அடித்தது" என்றார். ஆள் வைத்து வரப்புச் செதுக்குவதற்குக் கூலி கட்டுபடியாவதில்லை என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பா வரப்பில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். அந்த உறவினர் தடுத்திராவிட்டால், ஓரத்தில் பச்சையாகத் தெரிந்த சில கொத்துகளை நாங்கள் கட்டாயம் பறித்திருப்போம். மருந்து அடித்த இடத்தில் எல்லாச் செடியும் உடனே காய்ந்துவிடாது. சில செடிகள் சில நாள்கள் பச்சையாகவே நிற்கும். வயல் வரப்பு, வாழைத் தோப்பு, சாலையோரம், பூங்கா எங்கே கண்டாலும் நிலத்துக்காரரையோ பராமரிப்பவரையோ கேட்காமல் பறிக்கக் கூடாது. சாக்கடை ஓரத்தில் தழைத்திருப்பதையும் நாய்கள் புழங்கும் இடத்தில் உள்ளதையும் விட்டுவிடுங்கள். தரையோடு கிடக்கிற கீரை என்பதால் தரையில் உள்ள எல்லாம் அதன் மீதும் இருக்கும்.

கடைசியில் அது கிடைத்தது எங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே. ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. கீழ்வீட்டு அக்கா நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி வைத்திருந்த செம்பருத்தித் தொட்டியின் விளிம்பில் மஞ்சள் பூவோடு புளியாரை வழிந்து கொண்டிருந்தது. அப்பாதான் பார்த்தார். அவர் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "இந்தக் களையைப் பிடுங்கிப் பிடுங்கி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது, அள்ளிக்கொண்டு போங்கள் அப்பா" என்றார் அக்கா. நாற்றுப்பண்ணைத் தொட்டிகளில் வருகிற மிகச் சாதாரணமான களைகளில் இது ஒன்று. உங்கள் வீட்டுக்கு ரோஜாவோ குரோட்டனோ வாங்கி வந்திருந்தால், மழைக்காலத்தில் அந்தத் தொட்டி மண்ணை உற்றுப் பாருங்கள். அக்கம்பக்கத்துத் தொட்டிகளைப் பாருங்கள். ஒரு சிறு எச்சரிக்கை உண்டு: நாற்றுப்பண்ணைத் தொட்டியில் முளைத்த இலையை உடனே சமைக்க வேண்டாம். அங்கே என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. தண்டை மட்டும் எடுத்து நட்டு, புதிதாக விடுகிற தழையைப் பறித்துக்கொள்ளலாம்.

நட்ட பிறகும் துன்பம் தீரவில்லை. மாடியில் எடை கூடாமல் இருக்க வேண்டும் என்று தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகள் வாங்கி, ஊறவைத்து, மண்புழு உரம் கலந்து நட்டிருந்தேன். இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகத் தொடங்கியது. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். நன்றாகக் கழுவாமல் கட்டி போட்டு விற்பதும் உண்டு. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்புதான். இரண்டும் சேர்ந்து செடியை வாட்டிவிட்டன. நார்க்கழிவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி மறுபடி அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். இப்போது நான் செம்மண் ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு என்று கலக்கிறேன். அதற்கு மேல் உரம் தேவையில்லை. நிறையத் தழைச்சத்து கொடுத்தால் இலை தளதளவென்று வரும், புளிப்பு குறைந்துபோவதாக அப்பா சொல்கிறார். வேர் ஆழமாக ஓடுகிற செடி அல்ல என்பதால் அரையடி ஆழமுள்ள அகலத் தட்டு போதும். உயரமான தொட்டிகளுக்கு நான் கொடுத்த பணம் வீண். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலத் தட்டு ஒன்றிலிருந்து ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிதான் கிடைக்கும். நான்கு பேருக்குக் கடையல் வேண்டுமென்றால் அதுபோல மூன்று நான்கு தட்டுகள் வேண்டும். யாரும் சொல்லாத இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இந்தச் செடி நம்மைத் திசைதிருப்பும். உச்சி வெயிலில் மூன்று சிற்றிலைகளும் கீழ்நோக்கி மடிந்து குடைபோலச் சுருங்கிவிடும். இரவிலும் அப்படியே மடியும். பார்த்தால் தண்ணீர் இல்லாமல் வாடியது போலத் தோன்றும். உடனே ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினால் மண் சதாவும் சொதசொதவென்று இருந்து அடித்தண்டு அழுகும். முதலில் இழந்த தட்டு அப்படித்தான் போயிற்று. வெயில் சாய்ந்ததும் இலை விரிந்துவிட்டால் செடிக்கு ஒரு குறையும் இல்லை. அது கடும் வெளிச்சத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. மாலை ஆறு மணிக்கும் தண்டு தலைசாய்ந்திருந்தால்தான் தாகம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஒரு கணு ஆழத்தில் ஈரம் இல்லை என்றால் மட்டும் பூவாளியால் ஊற்றுங்கள்.

மதுரை வெயில் வேறு கதை. மார்கழி, தை மாதங்களில் தட்டு நிறையத் தழைத்து நின்ற செடி பங்குனியில் மெலியத் தொடங்கி, சித்திரையில் சிவந்த கம்பிகளாக நின்றது. இலைகளில் ஊசிக் குத்திய மாதிரி வெளிர்ப் புள்ளிகள், அடியில் செஞ்சிலந்தி. வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் இலையின் அடிப்பக்கம் படுமாறு தெளித்தேன். சாப்பிடுகிற கீரை என்பதால் வேறு மருந்துக்குப் போகவில்லை. சிலந்தி குறைந்ததற்கு வேப்பெண்ணெயைவிட நிழலும் ஈரக்காற்றும்தான் காரணம் என்று இப்போது எண்ணுகிறேன். பாதி வெயிலைத் தடுக்கிற நிழல்வலை, கம்பிகள், ஆள்கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. வலை வாங்க வசதி இல்லாதவர்கள் தட்டுகளைத் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்க நிழலுக்கு நகர்த்தினாலே போதும். காலை வெயில் மூன்று மணி நேரம் கிடைத்தால் இந்தச் செடிக்குத் தாராளம். கோடையில் மேலே காய்ந்தாலும் பிடுங்கி எறியாதீர்கள். மண்ணில் உள்ள வேரிலிருந்தும் சிந்திக் கிடக்கும் விதையிலிருந்தும் அடுத்த மழைக்குத் தானாகத் துளிர்க்கும். சிறிய நீல நிறப் பட்டாம்பூச்சிகள் சில தட்டைச் சுற்றியே தாழப் பறக்கும். அவற்றின் புழுக்கள் இந்த இலையைத்தான் தின்று வளர்கின்றன. இலையில் ஆங்காங்கே சுரண்டிய தடம் தெரியும், அவ்வளவுதான். அவை தின்றுவிட்டுப் போகட்டும் என்று ஒரு தட்டை அப்படியே விட்டுவிட்டோம். அந்தப் பட்டாம்பூச்சிகளை அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மறு மழைக்காலத்தில் நேர்ந்த இழப்புதான் தோட்டக் கணக்கில் பெரியது. முதிர்ந்த காயை விரலால் தொட்டுப் பாருங்கள், பட்டென்று தெறிக்கும். விதைகள் சில அடி தூரம் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். வேலை மிகுதியால் நான் சில வாரம் மாடிப் பக்கம் சரியாகப் போகவில்லை. அதற்குள் தக்காளி, மிளகாய், சாமந்தி நாற்றுவிட்டிருந்த குழித்தட்டுகள் அத்தனையிலும் புளியாரை முளைத்து, நாற்றுகளை மூடிவிட்டது. அதைப் பிடுங்கினால் இளநாற்றும் சேர்ந்து வருகிறது. விதை, தட்டு, உரம் என்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போனது. அந்தப் பருவமே போனது. தளத்தின் விரிசல்களில்கூட முளைத்தது. இதற்கு வழி இருக்கிறது. இந்த விதை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். எனவே மற்றத் தொட்டிகளின் மண்ணின் மேல் இரண்டு அங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் தூளோ மூடாக்காகப் போட்டுவிட்டால் பெரும்பாலும் முளைப்பதில்லை. புளியாரைத் தட்டை நாற்றுகளுக்கு அருகில் வைக்கவே வேண்டாம். மாடியின் மறுகோடியில் தனியாக வையுங்கள். வாரம் ஒரு முறை நுனியைக் கிள்ளிவிட்டால் காய் பிடிக்க அவகாசம் இருக்காது. பிடுங்க வேண்டி வந்தால், மண்ணை நனைத்துவிட்டுச் சிறு களைக்கொத்தியால் ஆணிவேரோடு எடுக்க வேண்டும். வெறும் கையால் இழுத்தால் தண்டு கணுவில் ஒடிந்துவிடும். மீதி மறுபடி கிளைத்துவரும். விதை நடுகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள்: மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி, லேசாக அழுத்தி, தெளிப்பானால் நனைத்தால் போதும்.

இனி, இதை எழுதுவதற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த முதல் நாற்றுப் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வந்திருந்தது. புளியாரைச் சாறு காலையில் வெறும் வயிற்றில் தினமும் ஒரு தம்ளர் குடித்தால் மூலம், சர்க்கரை, பித்தம் எல்லாம் தீரும் என்று அச்சிட்டிருந்தார்கள். அப்பா அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். தட்டுகள் நிறைந்து, அக்காவின் தொட்டிகளும் நிறைந்த அந்த மழைக்காலத்தில், நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவரே பறித்து, மிக்சியில் அரைத்து, வடிகட்டிக் குடித்து வந்திருக்கிறார். மூலத்துக்குச் சற்று இதமாக இருந்ததாம். எனக்கு வேலை வைக்க வேண்டாம் என்று சொல்லாமல் இருந்துவிட்டார்.

ஓர் இரவு, பதினொரு மணி இருக்கும், விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்து வழிந்தது, இரண்டு முறை வாந்தி, சிறுநீர் கறுத்த சிவப்பில் போனது. எனக்குக் கை நடுங்கியது. தம்பியை அழைத்தேன், அவன் அங்கிருந்து என்ன செய்வான். கீழ்வீட்டு அக்காவின் மகன் ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். அவசரப் பிரிவில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். ஸ்கேனில் சிறுநீர்க் குழாயில் ஒரு சிறு கல் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். அம்மாவைக் கொண்டுபோன நாள் நினைவுக்கு வந்து, நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று எதுவும் விளங்காத இரவு அது. காலையில் வந்த மருத்துவர் நிதானமானவர். உணவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் அப்பா சாற்றைப் பற்றி மெல்லச் சொன்னார். ஸ்கேன், பரிசோதனைகள், இரண்டு நாள் படுக்கை, மருந்து எல்லாம் சேர்ந்து பதினான்காயிரம் ரூபாய் ஆயிற்று. கல் சிறியது என்பதால் தண்ணீரிலும் மாத்திரையிலும் வெளியேறிவிட்டது. கிரியேட்டினின் பழைய அளவுக்கு இறங்க வாரங்கள் ஆயின. ஒவ்வொரு பரிசோதனைச் சீட்டையும் திறக்கும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டதை எழுத்தில் சொல்ல வரவில்லை.

மருத்துவர் எனக்கு விளக்கியதை அப்படியே தருகிறேன். புளியாரையின் புளிப்புக்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலம். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியமும் அந்த அமிலத்தின் உப்பு வடிவமான ஆக்ஸலேட்டும் சேர்ந்து உருவாகிறவை. இந்தக் கீரையால்தான் கல் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அது முன்பே இருந்திருக்கலாம் என்றார். ஆனால் நீண்டநாள் சர்க்கரை நோயால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு, பச்சைச் சாறாக, தினமும், வெறும் வயிற்றில் கொடுப்பது மிகத் தவறான வழி என்று அழுத்திச் சொன்னார். வயிற்றில் வேறு உணவு இருந்தால், அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். வெறும் வயிற்றில் குடித்த சாறு நேராக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும். கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று நம்பி இலும்பிப்புளி என்கிற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். இலும்பியும் நட்சத்திரப் பழமும் புளியாரையின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அந்தத் துண்டுச்சீட்டை அச்சிட்டவர் இதையெல்லாம் யோசித்திருப்பாரா? அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு இன்றும் கொதிக்கிறது. செடி விற்கிறவர் செடியை விற்கட்டும். யார் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று சொல்ல அவர் யார்? சிறுநீரகக் கல் வந்தவர்கள், கிரியேட்டினின் கூடியவர்கள், பல ஆண்டு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்தக் கீரையைத் தொட வேண்டாம். மூலத்துக்கு மருந்தாகவே எடுக்க விரும்பினால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போய், பரிசோதனைச் சீட்டுகளையும் காட்டி, அவர் சொல்கிற அளவில் எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பகலில் என்ன அரைத்துக் குடிக்கிறார்கள் என்று அன்பாகக் கேட்டு வையுங்கள்.

உடல் நலமாக உள்ளவர்கள் கீரையாக எப்போதாவது சாப்பிடுவதில் தடையில்லை. பாட்டி முறைதான் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. நுனித் தழையை மட்டும் கிள்ளுங்கள். முதிர்ந்த தண்டு நார் போலச் சிக்கும். தரையில் கிடந்தது என்பதால் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கீரையை அலசி மேலே அள்ளி, மணல் படியாத வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஆக்ஸலேட் ஓரளவு குறையும், புளிப்பும் சற்று இறங்கும். வேகவைத்த பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு சேர்த்து மண்சட்டியில் கடைந்துவிடலாம், புளி வேண்டாம். சூடு பட்டதும் பச்சை நிறம் போய் மங்கிய பழுப்பாக மாறும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், புளிப்புக் கீரைகளின் இயல்பு அது. பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. விளக்கைப் பளபளக்க வைக்கிற அமிலம் பாத்திரத்தையும் அரித்துக் குழம்பில் இறக்கும். சாப்பாட்டில் தயிரோ மோரோ கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மாதம் ஒரு முறை சமைக்கிறேன். மருத்துவர் அனுமதித்த அளவு, அப்பாவுக்கு இரண்டு கரண்டி, தயிர் சோற்றோடு. அவர் அதை மெல்ல, நேரம் எடுத்துச் சாப்பிடுகிறார்.

நான் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தால், தவறான நாற்று, விதை, தொட்டி, நார்க்கழிவு, நிழல்வலை, போன நாற்றுகள் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குக் குறையாது. மருத்துவமனைச் செலவு தனி. உண்மையில் தேவைப்பட்டது பழைய அகலத் தட்டு ஒன்று, கொஞ்சம் செம்மண், கீழ்வீட்டுத் தொட்டியிலிருந்து இலவசமாக வந்த நான்கு தண்டுகள். கேட்கிறவர்களுக்கு நான் இப்போது தண்டுதான் கொடுக்கிறேன். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த பிறகு, காயில்லாத கொடியாகப் பார்த்து, நான்கைந்து கணுக்கள் உள்ள துண்டுகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, ஓட்டை போட்ட பாலித்தீன் பையில் வைத்துக் கொடுத்தால் இரண்டு நாள் தாங்கும். வாங்கிப் போகிறவர் தண்டை மண்ணின் மேல் படுக்க வைத்து, கணுக்கள் மீது மட்டும் சிட்டிகை மண்ணைப் போட்டு, பத்து நாள் நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுத்துளிர் வந்த பிறகு காலை வெயிலுக்கு மாற்றலாம். கொடுக்கும்போது சாற்றைப் பற்றியும் ஒரு தாளில் எழுதி அந்தப் பைக்குள் வைத்துவிடுகிறேன்.